ரோமின் பேராலயங்கள்: போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமில் 900க்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் கோயில்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போகும் குழுக்கள் பெரும்பாலும் இரண்டே நாளில் ஊரை முடித்துவிடப் பார்க்கின்றன. முதல் நாள் வத்திக்கான், மறுநாள் கொலோசியமும் த்ரெவி நீரூற்றும், நடுவில் கண்ணில் படுகிற நாலைந்து கோயில்கள். திரும்பி வந்தவர்களைக் கேட்டால், "எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது, பாதி பூட்டிக் கிடந்தது" என்பார்கள்.

இவை தினமும் பூசை நடக்கிற, பங்கு மக்கள் வந்து போகிற, மதியம் சாவிக்காரர் சாப்பிடப் போகிற கோயில்கள். உள்ளே மைக்கலாஞ்சலோ இருக்கிறார் என்பதற்காக அவை அருங்காட்சியகம்போல நடந்துகொள்வதில்லை. எதையெல்லாம் பார்ப்பது என்ற பட்டியலை விடுங்கள், எந்த நேரத்தில் எங்கே இருப்பது என்ற கணக்குதான் முதலில் வேண்டும். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்கு பிசகுவதால் வருபவை.

மதியம் ஒரு மணிக்குக் கதவைத் தட்டுவது

ரோமின் நடுத்தர, சிறிய கோயில்கள் பெரும்பாலும் மதியம் 12 அல்லது 12.30 வாக்கில் பூட்டிவிடும். மறுபடி திறக்க 3 மணியாகும், சில இடங்களில் 4 ஆகும். நம்மூர்க் கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்துவதுபோலத்தான். நமக்குப் பழகிய வழக்கம்தான் என்றாலும், ஐரோப்பா என்றதும் காலை முதல் மாலை வரை எல்லாம் திறந்தே இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை இருக்கும் சான் பியேத்ரோ இன் வின்கோலி, கரவாஜ்ஜோவின் ஓவியங்கள் இருக்கும் சான் லூயிஜி தெய் ஃப்ரான்செசி, பெர்னினியின் தெரசம்மாள் சிலை இருக்கும் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா, இயேசு சபையாரின் தாய்க்கோயிலான ஜேசு என்று ஆட்கள் தேடிப்போகும் கோயில்களே மதிய இடைவேளை விடுபவை.

நான்கு பாப்பரசர் (போப்) பேராலயங்களுக்கு இந்த இடைவேளை கிடையாது. வத்திக்கானில் இருக்கும் இராயப்பர் (பேதுரு) பேராலயம், லாத்தரன் அருளப்பர் (யோவான்) பேராலயம், சாந்தா மரியா மஜ்ஜோரே என்ற மாதா பேராலயம், பழைய மதிலுக்கு வெளியே இருக்கும் சின்னப்பர் (பவுல்) பேராலயம். இவை காலை 7 மணி வாக்கில் திறந்து மாலை 6 தாண்டும்வரை திறந்திருக்கும். ஆகவே சிறிய கோயில்களைக் காலை 9 முதல் 12க்குள் பாருங்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது பெரியவற்றில் ஒன்றுக்குப் போய்விடுங்கள். 4 மணிக்கு மேல் மறுபடி சின்னக் கோயில்கள். இந்த வரிசையை மாற்றிப் போட்டால் மதியம் முழுக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டியதுதான். அதுவும் ஒன்றும் கெட்ட விஷயமில்லை, ஆனால் அதற்காக யாரும் விமானம் ஏறிப் போவதில்லை.

பூட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஓடிப்போய் நிற்பதிலும் பயனில்லை. அதற்குள் விளக்குகளை அணைக்க ஆரம்பித்திருப்பார்கள். ஞாயிறு காலை அடுத்தடுத்துப் பூசை இருக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அன்று காலை ஒரே கோயிலில் பூசைக்கு உட்கார்ந்துவிடுவது புத்திசாலித்தனம். திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும், கோயில்கள் வழக்கம்போல இயங்கும். ஆகவே திங்களைக் கோயில்களுக்கு ஒதுக்குங்கள்.

இராயப்பர் பேராலயத்தைச் சுற்றி நடக்கும் குழப்பங்கள்

முதல் குழப்பம் பணம். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் எதுவும் இல்லை. சதுக்கத்துக்கு வரும் வழியெல்லாம் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "வரிசையில் நிற்க வேண்டாம், டிக்கெட் இருக்கிறது" என்று சிலர் மறிப்பார்கள். அவர்கள் விற்பது பெரும்பாலும் வழிகாட்டியோடு போகும் சுற்றுலா, அல்லது அருங்காட்சியகச் சீட்டு. பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லாரும்தான் நிற்க வேண்டும். அந்த வரிசை காலை 7 மணிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், 11 மணிக்குச் சதுக்கத்தையே வளைத்திருக்கும். தங்குமிடத்தில் காலைச் சிற்றுண்டி 8 மணிக்குத்தான் தருவார்கள் என்றால், ஒரு நாள் அதை விட்டுக்கொடுங்கள்.

இரண்டாவது, சிஸ்டைன் சிற்றாலயம் பேராலயத்துக்குள் இருக்கிறது என்ற நினைப்பு. மைக்கலாஞ்சலோ கூரையில் வரைந்த சிற்றாலயத்துக்கு வத்திக்கான் அருங்காட்சியகம் வழியாகத்தான் போக முடியும். அதன் வாசல் வேறு பக்கம், மதிலை ஒட்டிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, முன்பதிவு செய்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைய கூட்டத்தைப் பார்த்தால் பணம் கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும். சிற்றாலயத்திலிருந்து நேராகப் பேராலயத்துக்கு இறங்க ஒரு வழி இருக்கிறது. அதை வழிகாட்டியோடு வரும் குழுக்களுக்குத்தான் விடுவார்கள், சில நாள் அவர்களுக்கும் கிடையாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது, புதன்கிழமை. திருத்தந்தை, அதாவது போப், ரோமில் இருந்தால் புதன் காலை பொதுச் சந்திப்பு நடக்கும். அது முடியும்வரை பேராலயத்துக்குள் போக முடியாது. திருத்தந்தையைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குப் புதன் சரியான நாள், பேராலயத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மிக மோசமான நாள். ஒரே காலையில் இரண்டையும் முடிக்க நினைத்துத்தான் பலர் சிக்குகிறார்கள். பொதுச் சந்திப்புக்கான சீட்டும் இலவசம்தான். அதற்குப் பணம் கேட்பவரிடம் நிற்காமல் நடையைக் கட்டுங்கள். ஞாயிறு நண்பகல் மூவேளைச் செபத்துக்குச் சீட்டே வேண்டாம், சதுக்கத்தில் போய் நின்றால் போதும்.

உள்ளே நுழைந்ததும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நேராகப் பலிபீடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவது. வலது பக்கம் முதல் சிற்றாலயத்திலேயே மைக்கலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் தாங்கிய மாதா சிலை, இருக்கிறது. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்தியதால் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பலர் இதைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப்போகிறார்கள், பிறகு வேறு கதவு வழியாக வெளியே தள்ளப்பட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் அளவு. இந்தக் கோயிலின் பிரம்மாண்டம் பார்த்தவுடன் பிடிபடாது, எல்லாம் சரியான விகிதத்தில் இருப்பதால் கண் ஏமாந்துவிடும். தீர்த்தத் தொட்டியைத் தாங்கிக்கொண்டு இரண்டு குழந்தைச் சம்மனசுகள் (தேவதூதர்கள்) இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கைக்குழந்தை அளவுதான் தெரியும். விரலை நனைக்கப் பக்கத்தில் போனால், அந்தக் குழந்தை நம்மைவிட உயரம். நடுப்பாதைத் தரையில் உலோக எழுத்துகளில் உலகின் மற்றப் பெரிய கோயில்களின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கோயிலை இங்கே கொண்டுவந்து வைத்தால் இந்த இடத்தோடு முடிந்துவிடும் என்று பொருள். குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. பெர்னினியின் வெண்கல விதானம் மட்டும் ஏறக்குறைய 29 மீட்டர் உயரம், அதாவது ஒன்பது மாடி.

குவிமாடத்துக்கு ஏறுவதற்குக் கட்டணம் உண்டு. மொத்தம் 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம் இருக்கும் என்பதை வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மேலே போகப் போகக் குவிமாடத்தின் வளைவோடு படிக்கட்டும் சாய்ந்துவிடும், உடம்பையும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டுதான் நடக்க முடியும். நடுவில் திரும்பி இறங்க வழி கிடையாது. மூட்டு வலி உள்ளவர்களும் இடுக்கான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் கீழேயே பாப்பரசர்களின் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

பேராலயத்துக்கு அடியில் பழைய ரோமானிய இடுகாடு ஒன்று இருக்கிறது. இராயப்பரின் கல்லறை என்று கருதப்படும் இடம் அங்கேதான். அதைப் பார்க்க வத்திக்கானின் அகழாய்வு அலுவலகத்துக்குப் பல வாரம், முடிந்தால் பல மாதம் முன்பே எழுதி இடம் வாங்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு பேரைத்தான் விடுகிறார்கள். அங்கே போய்க் கேட்டால் இடம் கிடைக்காது.

உடையும் செருப்பும்

தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே விதி. புடவை, சுடிதாரில் போகிறவர்களுக்குக் கவலையில்லை. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அரைக்கால்சட்டை போட்ட அப்பாக்களும் கல்லூரிப் பையன்களும்தான். இராயப்பர் பேராலயத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் வாசலில் திருப்பி அனுப்புவார்கள், பேசிப் பார்த்துப் பயனில்லை. மெல்லிய சால்வை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், செருப்பைக் கழற்றுவது. ரோமில் யாரும் கோயிலுக்கு வெளியே செருப்பை விடுவதில்லை. பக்தியோடு வாசலில் கழற்றி வைத்தால், திரும்பும்போது அது அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. பெண்கள் முக்காடு போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. போட்டுக்கொண்டால் யாரும் ஏதும் சொல்லவும் மாட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

பூசை நடக்கும்போது படம் பிடிப்பது

பூசை நடக்கும்போது உள்ளே போகலாம். போனால் உட்கார வேண்டும். பின்பக்கம் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடிப்பதும், பக்கவாட்டுப் பாதையில் நடந்து ஒவ்வொரு சிற்றாலயமாக எட்டிப் பார்ப்பதும் அங்கே நிஜமாகவே மண்டியிட்டிருக்கும் ஆட்களின் முகத்துக்கு முன்னால் நடக்கும் காரியங்கள். செபத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய சிற்றாலயங்களில் காவலாளி நிற்பார். இராயப்பர் பேராலயத்தின் நற்கருணைச் சிற்றாலயம் அப்படிப்பட்டது. அங்கே கைபேசியை வெளியே எடுக்கவே கூடாது.

பூசையில் தரும் அப்பமான நற்கருணையை வாங்குவது பற்றி, கத்தோலிக்கர் அல்லாத நண்பர்கள் கூட்டத்தோடு எழுந்து போய்விடுவதைப் பார்க்கிறோம். பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டுகிறார்கள். அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது. மற்றவர்கள் இருக்கையிலேயே இருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குழுவை அழைத்துப் போகிறவர் இதைப் பேருந்திலேயே சொல்லிவிட்டால் கோயிலுக்குள் சங்கடம் இருக்காது.

காசு போடாமல் இருட்டைப் பார்ப்பது

ரோமின் கோயில்களில் உலகத்தரமான ஓவியங்கள் இருட்டு மூலையில் தொங்குகின்றன. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் 50 சென்டோ 1 யூரோவோ போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். இது தெரியாமல் இருட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். தெரிந்தும், வேறு யாராவது போடட்டும் என்று கூட்டமே காத்து நிற்பதும் உண்டு.

சான் லூயிஜி கோயிலில் இடது பக்கக் கடைசிச் சிற்றாலயத்துக்குப் போங்கள். கரவாஜ்ஜோ 1599 முதல் 1602 வரை அங்கே புனித மத்தேயுவைப் பற்றி மூன்று படங்கள் வரைந்தார். விளக்கு எரிந்ததும் இடது சுவரைப் பாருங்கள். மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒரு பையன் தலையைக் குனிந்து காசு எண்ணிக்கொண்டிருக்கிறான், எது நடந்தாலும் அவன் நிமிரப் போவதில்லை. வலது ஓரத்தில் இயேசு கை நீட்டி அழைக்கிறார். அவர் தலைக்கு மேலாக வெளிச்சம் சுவரில் சாய்வாக விழுகிறது. "என்னையா?" என்பதுபோல ஒரு தாடிக்காரர் விரலால் காட்டுகிறார். தன்னைக் காட்டுகிறாரா பக்கத்தில் இருப்பவரைக் காட்டுகிறாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வரி வசூலிப்பவராக இருந்த மத்தேயுவின் படத்தைப் பார்க்கக் காசு போட வேண்டியிருப்பதும் பொருத்தம்தான்.

சில்லறை வேண்டும். காலையில் காப்பி குடிக்கும்போதே நாணயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் 20 யூரோ நோட்டை வைத்துக்கொண்டு சில்லறைக்கு அலைய முடியாது.

கண்ணாடிக்கு வரிசை

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் கோயிலான சாந்த் இஞ்ஞாசியோவில் கூரை ஓவியம் பார்க்க ஒரு சாய்ந்த கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதில் தன் முகத்தோடு கூரையையும் சேர்த்துப் படம் எடுக்கப் பெரிய வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நிற்காதீர்கள். ஆந்த்ரேயா பொஸ்ஸோ கூரையைத் தரையில் ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து பார்க்க வரைந்தார். அந்தப் புள்ளியில் ஒரு வட்டக் கல் பதித்திருக்கிறது. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் சுவர் மேலே நீண்டு வானம் திறக்கும். இன்னும் முன்னால் போனால் குவிமாடம் தெரியும். அது குவிமாடமே இல்லை, 1685இல் தட்டையான துணியில் வரைந்து மேலே பொருத்தியது. நடந்துகொண்டே பார்த்தால் அது கோணலாகிச் சரிவதைக் காணலாம். கண்ணாடியில் இந்த வேடிக்கை தெரியாது.

நம்மோடு தொடர்புடையவற்றைத் தாண்டிப் போவது

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. தமிழ்நாட்டிலிருந்து போகும் கத்தோலிக்கக் குடும்பங்கள்கூட நம் கடற்கரையோடு நேரடித் தொடர்புள்ள இடங்களின் வாசல் வழியாகவே நடந்து போய்விடுகின்றன. வழிகாட்டிகள் சொல்வதில்லை, அவர்களுக்கு இதில் என்ன அக்கறை?

ஜேசு கோயிலில் நுழைந்து வலது கைப் பக்கம் போனால் சவேரியார் பீடம் இருக்கிறது. அதன்மேல் கண்ணாடியிட்ட பேழைக்குள் இருப்பது அவருடைய வலது முன்கை. உடல் பழைய கோவாவில் இருக்கிறது. 1614இல் இயேசு சபைத் தலைவரின் உத்தரவுப்படி இந்தக் கையை வெட்டி எடுத்து ரோமுக்கு அனுப்பினார்கள். 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தது இந்தக் கையால்தான். ரோமில் இருந்த தன் சபையாருக்கு 1544இல் எழுதிய கடிதத்தில், திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார். மணப்பாட்டிலோ தூத்துக்குடியிலோ வேர் உள்ள ஒருவர் இந்தப் பீடத்தைப் பார்க்காமல் பக்கத்துக் கடையில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் வாங்கிக்கொண்டு திரும்புவது வருத்தமான விஷயம். அதே கோயிலில் எதிர்ப்பக்கம் இஞ்ஞாசியார் பீடம். தினமும் மாலை 5.30க்குப் பெரிய ஓவியம் ஒன்று இசையோடு கீழே இறங்கி, பின்னால் இருக்கும் சிலையைக் காட்டும். 5 மணிக்கே போய்ச் சவேரியாரைப் பார்த்துவிட்டு, அப்புறம் இதற்கு இடம் பிடித்துக்கொள்ளலாம்.

லாத்தரன் பேராலயத்தில் நடுப்பகுதியின் இரு பக்கமும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் மாடங்களில் நிற்கிறார்கள். தோமையாரைக் கண்டுபிடிப்பது சுலபம், கையில் தச்சர்களின் மூலைமட்டம் வைத்திருப்பார். கொந்தபோரஸ் மன்னனுக்கு மாளிகை கட்டித் தருவதாக இந்தியாவுக்கு வந்தார் என்ற பழங்கதையால் வந்த அடையாளம் அது. அங்கிருந்து பத்து நிமிட நடையில் சாந்தா க்ரோச்சே இன் ஜெருசலேம்மே. கான்ஸ்டன்டைன் பேரரசரின் தாயான புனித எலேனம்மாளோடு தொடர்புள்ள கோயில். திருப்பண்டங்கள் என்ற புனித எச்சங்களை வைத்திருக்கும் சிற்றாலயத்தில் திருச்சிலுவைத் துண்டுகளோடு, தோமையாரின் விரல் என்று போற்றப்படும் எலும்பும் இருக்கிறது. சாந்தோமில் கல்லறைக்கு முன் நின்றவர்களுக்கு இந்தச் சின்னப் பேழையைப் பார்க்க வேறு கண் இருக்கும்.

சாந்தா மரியா மஜ்ஜோரே நம் பனிமய மாதாவின் மூலக்கோயில். நான்காம் நூற்றாண்டில் ஆகஸ்ட் மாத வெயிலில் எஸ்குவிலின் குன்றின்மேல் பனி பெய்து கோயிலுக்கு இடம் காட்டியது என்பது மரபுக் கதை. இப்போதுள்ள கோயில் ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தது. தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நடக்கும் அதே ஆகஸ்ட் 5 அன்று இங்கே பூசையின்போது கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுகிறார்கள். அந்த நாளில் ரோமில் இருக்க முடிந்தால் நேரத்தோடு போய்விடுங்கள்.

2025 ஏப்ரல் 26 முதல் இந்தக் கோயிலில் போப் பிரான்சிஸின் கல்லறை இருக்கிறது. ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் அவர் வந்து செபித்த மாதா படம் பக்கத்துச் சிற்றாலயத்தில். கல்லறையில் இலத்தீனில் பெயர் மட்டும் இருக்கும். வரிசையில் நின்று அதைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். நடுப்பகுதிச் சுவரில் தூண்களுக்கு மேலே ஐந்தாம் நூற்றாண்டு மொசைக் படங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆபிரகாம், யாக்கோபு, மோசே கதைகள். ரோமில் இவ்வளவு பழமையான படவரிசை கோயிலில் கிடைப்பது அரிது. இருட்டாகவும் உயரமாகவும் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை, சின்னத் தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். பலிபீடத்துக்கு வலப்பக்கம் படி ஓரத்தில் எளிய கல் ஒன்று கிடக்கும். ரோமையே அலங்கரித்த பெர்னினியின் கல்லறை அது. அங்கிருந்து தெருவைக் கடந்தால் சாந்தா ப்ராஸ்ஸேதே. ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சேனோ சிற்றாலயத்தில் காசு போட்டதும் சுவர், கூரை, மூலை எல்லாம் தங்கமாக எரியும். அறை அவ்வளவு சிறியது, அந்த ஒளி நம் சட்டையிலும் விழும்.

இராயப்பர் சதுக்கத்துக்கும் ஒரு நம்மூர்க் கணக்கு இருக்கிறது. 2022 மே 15 அன்று கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தது அங்கேதான்.

இராயப்பர் கோயிலோடு முடித்துக்கொள்வது, அல்லது ஒரே நாளில் ஏழு கோயிலையும் முடிப்பது

ரோம் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் இராயப்பர் பேராலயம் இல்லை, லாத்தரன்தான். ரோமின் ஆயர் என்ற முறையில் திருத்தந்தையின் இருக்கை இங்கே இருக்கிறது. 'நகரத்திலும் உலகத்திலும் உள்ள எல்லாக் கோயில்களுக்கும் தாயும் தலையும்' என்று இலத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். நடுக்கதவு பழைய ரோமானிய ஆட்சிமன்றக் கட்டடத்திலிருந்து கொண்டுவந்த வெண்கலக் கதவு. எதிரே ஸ்காலா சாந்தா, இயேசு ரோமானிய ஆளுநர் பிலாத்து முன் ஏறியதாக நம்பப்படும் 28 படிகள். மரப்பலகை போட்டு மூடிய அந்தப் படிகளில் முழங்காலால்தான் ஏற வேண்டும். முடியாதவர்களுக்குப் பக்கத்திலேயே வேறு படிகள் இருக்கின்றன, மேலே போய் அதே இடத்தைப் பார்க்கலாம். நடுப்படியில் நடந்து ஏறப் போனால் காவலர் கூப்பிடுவார்.

சின்னப்பர் பேராலயத்தைத் தூரம் என்று விட்டுவிடுகிறார்கள். மெட்ரோ பி பாதையில் அந்தக் கோயிலின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது, இறங்கினால் சில நிமிட நடை. 1823இல் எரிந்துபோய் மறுபடி கட்டியது. கூட்டம் குறைவு, முற்றம் விசாலம், சின்னப்பரின் கல்லறை பீடத்தின் கீழே. தூண்களுக்கு மேலே இராயப்பரிலிருந்து தொடங்கி எல்லாப் பாப்பரசர்களின் முகமும் வட்ட மொசைக்குகளில். வத்திக்கான் நெரிசலில் களைத்தவர்களை நான் முதலில் அனுப்புவது இங்கேதான்.

இதற்கு நேரெதிர் தவறு ஏழு கோயில் யாத்திரையை ஒரே நாளில் முடிக்கத் துடிப்பது. 16ஆம் நூற்றாண்டில் பிலிப்பு நேரியார் என்ற புனிதர் பிரபலமாக்கிய நடை அது, 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். செபமாக நடக்கிறவர்களுக்குச் சரி. பார்க்கப் போகிறவர்கள் நாளுக்கு இரண்டு பெரிய கோயில், மூன்று சிறிய கோயில் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பளிங்கும் பொன்னும் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

கீழே இறங்காமல் திரும்புவது

கொலோசியத்திலிருந்து சில நிமிடத்தில் சான் க்ளெமென்தே. மேலே 12ஆம் நூற்றாண்டுக் கோயில், அதற்குக் கட்டணமில்லை. சீட்டு வாங்கிப் படியிறங்கினால் நான்காம் நூற்றாண்டுக் கோயில். இன்னும் இறங்கினால் முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்களும் மித்ரா என்ற பழங்காலக் கடவுளின் வழிபாட்டு அறையும். அடித்தளத்தில் குளிர் அடிக்கும், சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். 1857இல் ஐரிஷ் தொமினிக்கத் துறவி ஒருவர் தோண்ட ஆரம்பித்ததால் வெளியே வந்தவை இவை. மேல்தளத்தைப் பார்த்துவிட்டு முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் பார்த்திருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதியில்லை.

சில்லறை விஷயங்கள்

பாந்தியோன் 609 முதல் கோயில் என்பது பலருக்கு மறந்துபோகிறது. 2023 ஜூலையில் அதற்கு 5 யூரோ கட்டணம் வந்தது. சனி மாலையும் ஞாயிறு காலையும் பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பூசைக்கு வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

யூபிலி என்ற புனித ஆண்டில் மட்டும் திறக்கும் புனிதக் கதவு வழியாக நுழைய வேண்டும் என்று இப்போது போய்க் கேட்காதீர்கள். 2025 யூபிலிக்குத் திறந்த இராயப்பர் பேராலயக் கதவை 2026 ஜனவரி 6 அன்று மூடிவிட்டார்கள். வழக்கமான யூபிலி 25 ஆண்டுக்கு ஒருமுறைதான், இடையில் சிறப்பு யூபிலி அறிவித்தால்தான் உண்டு.

தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து ஜேப்படிக்குப் பேர்போனது, பணப்பையைக் கால்சட்டையின் பின்பையில் வைக்காதீர்கள். சமையல் கத்தி, கத்தரிக்கோல் பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தெருவோர இரும்புக் குழாய்களில் ஓடுவது குடிநீர்தான். துளையை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம்.